மோட்டார் காரின் ஆக்சிஜன் சென்சார்: சோதித்தலும் மாற்றுதலும்

பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும் என்பது ஆரம்பப் பள்ளி மாணவனும் அறிந்த செய்தியாகும். எவ்வளவு காற்று வேண்டும் என்பதே பொறியியலாளர்களை நெடுங்காலம் வருத்திய கேள்வி. ஒரு கிலோகிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிந்து தீர ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவைப்படுகிறது. கன அளவில் கூறினால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்காக எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று சுமார் 9,000 லிட்டர் ஆகும். காற்று இதற்குக் குறைந்தால் பெட்ரோல் வீணாவதுடன் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் பிறக்கிறது. மிகுந்தால் கலவை மெலிந்து எஞ்சின் திணறுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளை அழிப்பதும் கடினமாகிறது.

இந்த விகிதத்தை ஒருமுறை சரிசெய்து வைத்துவிட்டால் போதாது. கடற்கரையிலுள்ள மும்பையிலிருந்து போர்காட் மலைப்பாதை வழியாக ஏறிப் புனேயை அடையும் காரைக் கருதலாம். புனே ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட நூற்றுக்குச் சுமார் ஆறு பங்கு குறைவு. கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டிகள் மலையேறியதும் பெட்ரோலைச் சற்று அதிகமாகக் குடித்தன. மெக்கானிக் திருகாணியைத் திருகித் திருத்திக் கொடுப்பார். இன்றைய வண்டியில் மெக்கானிக்கின் அந்த வேலையைக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறது. காற்றை அளக்கும் பிற கருவிகள் அதற்குத் துணைபுரிந்தாலும், எரிந்தபின் எஞ்சியது என்ன என்பதைப் புகைக்குழாயிலிருந்து தெரிவிக்கும் உறுப்பு ஒன்றே. கடையிலும் பட்டறையிலும் ஆக்சிஜன் சென்சார் என்று வழங்கப்படுவது அதுதான்.

எரிபொருள் மாறினாலும் இவ்வுறுப்பே கைகொடுக்கிறது. 2025ஆம் ஆண்டில் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு நூற்றுக்கு இருபது என்ற அளவை எட்டியது. எத்தனால் தன்னுள்ளேயே பிராணவாயுவைக் கொண்டிருப்பதால் அக்கலவைக்குத் தேவையான காற்றின் விகிதம் ஏறத்தாழ 13.5ஆகக் குறைகிறது. பழைய அளவிலேயே எரிபொருள் செலுத்தப்பட்டால் கலவை மெலிந்துவிடும். சென்சார் அதனை உணர்த்த, பெட்டி எரிபொருளைச் சற்றுக் கூட்டிக்கொள்கிறது.

சென்சார் பொருத்திய காரை 1976ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு வோல்வோ நிறுவனம் கலிபோர்னியாவுக்கென விற்பனைக்கு விட்டது. சென்சாரை ஆக்கியது ஜெர்மனியின் பாஷ் நிறுவனம். இந்தியாவில் இதற்குப் பாதை திறக்க ஈயம் கலவாத பெட்ரோல் வரவேண்டியிருந்தது. ஈயம் சென்சாரையும், புகையைத் தூய்மை செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் ஒருங்கே நஞ்சாக்கிவிடும். 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் விற்கப்பட்ட புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமாயிற்று. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே வழங்கப்பட்டது. 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் நான்கு விதிகள் முதலில் நடைமுறைக்கு வந்த பதின்மூன்று நகரங்களுள் புனேயும் ஒன்று.

சென்சாரின் உள்ளே நடப்பது

வெளியிலிருந்து காண்போருக்கு இது ஸ்பார்க் பிளக் போன்றே தோன்றும். துளைகளையுடைய உலோக உறையினுள் தையற்காரரின் விரற்கூடு போன்ற பீங்கான் கிண்ணம் ஒன்று உள்ளது. அது சிர்கோனியம் ஆக்சைடுடன் சிறிது இட்ரியம் ஆக்சைடு சேர்த்துச் சுடப்பட்டது; உட்புறமும் வெளிப்புறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு உண்டு. கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைப் புகை தழுவுகிறது. உட்பக்கத்தில் வெளிக்காற்று நிற்கிறது. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறியதும் இப்பீங்கான் பிராணவாயு அயனிகளுக்கு வழிவிடத் தொடங்குகிறது. பிராணவாயு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அயனிகள் செல்ல முனைவதால் இரு பிளாட்டினப் பூச்சுகளுக்கும் இடையே மின்னழுத்தம் தோன்றுகிறது.

சுட்ட சிர்கோனியம் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விளக்கு செய்வதற்குப் பயன்படுத்தியவர் வால்தர் நெர்ன்ஸ்ட். இவ்வகை மின்கலத்தின் அழுத்தத்தைக் கணிக்கும் சமன்பாடும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. மோட்டார் வண்டிகளில் பெருவிருப்பம் கொண்டிருந்த அப்பேராசிரியரின் விளக்கு வழக்கொழிந்து போயிற்று. அதே பீங்கான் மோட்டார் வண்டிக்குள் புகுந்தது.

மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் இதனைக் கணக்காகவே செய்து காட்டலாம். 600 டிகிரி வெப்பத்தில், இரு பக்கங்களின் பிராணவாயு அழுத்தம் பத்து மடங்கு வேறுபட்டால் தோன்றும் மின்னழுத்தம் 0.043 வோல்ட். வெளிக்காற்றில் பிராணவாயு நூற்றுக்கு இருபத்தொரு பங்கு. மெலிந்த கலவையின் புகையில் ஒரு பங்கு எஞ்சியிருப்பின் வேறுபாடு இருபத்தொரு மடங்கே, மின்னழுத்தம் 0.06 வோல்ட்டைத் தாண்டாது. பெட்ரோல் மிகுந்த கலவையின் புகையிலோ பிராணவாயு பெயரளவுக்கும் மிஞ்சுவதில்லை. வேறுபாடு பத்தின் பத்தொன்பதாம் அடுக்கு என்ற அளவுக்கு உயர்ந்து, மின்னழுத்தம் 0.8 வோல்ட்டை எட்டுகிறது. சரியான விகிதத்தின் இருமருங்கிலும் அழுத்தம் இவ்வாறு செங்குத்தாகத் தாவுவதே இக்கருவியின் பயனுக்குக் காரணம். 0.45 வோல்ட்டுக்குக் கீழே சென்றால் பெட்டி எரிபொருளைக் கூட்டுகிறது. மேலே சென்றால் குறைக்கிறது. ஆகவே நலமாக உள்ள சென்சாரின் அளவு ஓரிடத்தில் நில்லாமல் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

இதே தத்துவத்தைச் செலவின்றிக் காட்ட மயில்துத்தமே போதும். அடர்ந்த கரைசல் ஒரு கண்ணாடிக் குவளையிலும், அதனை நூறு மடங்கு நீர்த்த கரைசல் மற்றொன்றிலும் எடுத்து, உப்பு நீரில் நனைத்த வடிதாளால் இரண்டையும் இணைத்து, இரண்டிலும் செப்புத் தகடுகளை நிறுத்தி மல்ட்டிமீட்டரில் பார்க்க வேண்டும். உலோகம் ஒன்றே, உப்பும் ஒன்றே. செறிவு மட்டுமே வேறு. ஏட்டுக் கணக்குப்படி 59 மில்லிவோல்ட்; காண்பது சற்றுக் குறையும்.

விளக்கு எரிந்தபின்

புனேயின் கேம்ப் பகுதி 1817ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்த ராணுவக் குடியிருப்பாகும். அங்குள்ள பழைய வீடுகள் பலவற்றில் முற்றமும் வண்டி நிறுத்தத் தாழ்வாரமும் இருப்பதால் சிறு பழுதுகளை வீட்டிலேயே பார்ப்பதற்கு இடமுண்டு. அத்தகைய வீடொன்றில் நிற்கும், பத்தாண்டு ஓடிய பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுதல், மகாத்மா காந்தி சாலையில் கடைவேலை, மாலையில் ரயில் நிலையம் என்று அதன் பயணங்கள் யாவும் சில நிமிடங்களில் முடிபவை. ஒருநாள் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிகிறது. பெட்ரோல் செலவும் கூடியிருக்கிறது. அண்டை அயலார் உடனே, ‘ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்’ என்று கூறுவது வழக்கம்.

இவ்விடத்தில்தான் பணம் வீணாகிறது. சென்சார் குறை கூறும் சாட்சி. அது கூறுவது உண்மையாகவும் இருக்கலாம். உண்மையைச் சொன்ன சாட்சியை நீக்கிவிட்டுப் புதிய சாட்சியை அமர்த்தினால் அதுவும் அதையே சொல்லும். இதற்கிடையில் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் சென்று எரிந்து, அதன் உட்கூட்டையே உருக்கிவிடக்கூடும். கன்வர்ட்டரின் விலை சென்சாரின் விலையைப் போலப் பன்மடங்கு.

ஓட்டுநர் இருக்கையின் முன்புறம், ஸ்டியரிங்குக்குக் கீழே, பதினாறு துளைகளுள்ள இணைப்பு ஒன்று உண்டு. அதில் செருகி, கைப்பேசியிலேயே பழுதுக் குறியீட்டைப் படிக்கும் சிறு கருவிகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. குறியீடு பி0171 என்று வந்தால் அதன் பொருள் கலவை மெலிந்துள்ளது என்பதே. சென்சார் கெட்டது என்பதன்று. காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாயில் வெடிப்பு, அடைபட்ட எரிபொருள் வடிகட்டி, வலுவிழந்த பம்ப் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ரப்பர் குழாய்களின் அருகே சீறும் ஒலி கேட்கிறதா என்று செவிமடுத்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். புகைக்குழாயில் சென்சாருக்கு முன்னால் கசிவிருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து பொய்யான மெலிவைக் காட்டும்.

மாணவர்களை வியப்பில் ஆழ்த்தும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. ஸ்பார்க் பிளக் கெட்டு ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியேறினால், பெட்ரோல் மிகுந்துள்ளது என்று சென்சார் கூறவேண்டும் என எவரும் எண்ணுவர். அது நேர்மாறாக, மெலிவு என்று கூறுகிறது. செலவழியாத பிராணவாயுவும் உடன் வந்துவிடுகிறதல்லவா? சென்சார் காண்பது பிராணவாயுவை மட்டுமே; பெட்ரோலை அது அறியாது.

குறியீடு பி0135 என்று வந்தால் நிலைமை வேறு. பீங்கானை விரைவில் சூடாக்குவதற்கெனச் சென்சாரினுள் வைத்த மின்சூடேற்றியின் பழுதை அது குறிக்கிறது. சூடேற்றி இயங்கினால் அரை நிமிட அளவில் சென்சார் வேலைக்கு ஆயத்தமாகிவிடும். அது அறுந்துவிட்டால் புகையின் வெப்பத்தையே நம்பிக் காத்திருக்க வேண்டும். மும்பை நெடுஞ்சாலையில் செல்லும் வண்டிக்கு இதனால் பெரிய நட்டமில்லை. சிறிது தொலைவு ஓடியதும் புகையே சூடேற்றிவிடும். கேம்ப்பின் குறுகிய பயணங்களுக்கோ சென்சார் கண்விழிப்பதற்குள் வீடு வந்துவிடுகிறது. பெட்டி சென்சாரின்றிக் குத்துமதிப்பாகவே எரிபொருளைச் செலுத்துகிறது. எஞ்சின் அணையாதிருக்கச் சற்று மிகையாகவே செலுத்துகிறது. செலவு கூடுவதன் காரணம் இதுவே.

சூடேற்றியைச் சோதிப்பது எளிது. நான்கு கம்பிகளுள்ள சென்சாரில் ஒரே நிறமுடைய இரண்டு கம்பிகள் சூடேற்றிக்கு உரியவை. பாஷ் வகையில் அவை வெண்மை, டென்சோ வகையில் கறுப்பு. இணைப்பைப் பிரித்து, குளிர்ந்த நிலையில், சென்சார் பக்கத்தில் அவ்விரண்டுக்கும் இடையே மின்தடையை அளந்தால் சில ஓம் முதல் பதினைந்து ஓம் வரை காட்டவேண்டும். சரியான அளவு அந்தந்த வண்டியின் பணிமனைக் கையேட்டில் உண்டு. தடை எல்லையற்றதாகக் காட்டினால் இழை அறுந்துவிட்டது. தீர்ப்புக்குமுன் பியூஸ் எரிந்திருக்கிறதா, வண்டியின் பக்கத்து இணைப்பில் 12 வோல்ட் வருகிறதா என்பதையும் பார்ப்பது முறை. சில வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே அது வரும். மற்ற இரு கம்பிகளுக்கிடையே ஓம் அளக்கலாகாது. மீட்டர் செலுத்தும் மின்சாரமே பீங்கான் கலத்தைக் கெடுக்கக்கூடும்.

சூடேற்றி நன்றாக இருந்து கலத்தின்மீதே ஐயம் எழுந்தால், எஞ்சினை நன்கு சூடாக்கி, வேகத்தைச் சற்றே உயர்த்தி நிறுத்தி, கைக்கருவியில் மின்னழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். சில வினாடிகளுக்குள் பலமுறை ஏறி இறங்கினால் சென்சார் நலமே. ஆக்சிலரேட்டரைத் திடீரென மிதித்தால் அளவு உயரவேண்டும், விட்டால் விழவேண்டும். எது செய்தாலும் ஒரே நிலையில் நின்றாலோ, சோம்பலாக அசைந்தாலோ மாற்ற வேண்டியதே. கன்வர்ட்டருக்குப் பின்னுள்ள இரண்டாம் சென்சாருக்கு இவ்விதி பொருந்தாது. அது அசையாமல் நிற்பதே நல்லது. அதுவும் முன்னதைப் போல ஊசலாடினால் கன்வர்ட்டரே ஓய்ந்துவிட்டது எனலாம். சில புதிய வண்டிகளில் கம்பிகள் மிகுந்த வேறுவகைச் சென்சார் முன்புறத்தில் உண்டு. மேற்கூறிய வோல்ட் அளவுகள் அதற்கு உரியன அல்ல.

கழற்றுதலும் பூட்டுதலும்

புதிய சென்சாரை வாங்கும்போது பழையதன் மீதுள்ள எண்ணையோ வண்டியின் சேசிஸ் எண்ணையோ காட்டிப் பெறவேண்டும். கேம்ப்பை அடுத்துள்ள நானா பேட்டில் உதிரிபாகக் கடைகள் வரிசையாக உள்ளன. விலை மலிவென்று போலியை வாங்கிவந்தால் வேலை இருமுறை ஆகும். இணைப்பு முனை பொருந்தாமல் கம்பியை வெட்டி ஒட்டவேண்டிய வகையைத் தவிர்ப்பது நலம். பல சென்சார்களில் ஒப்பீட்டுக்குரிய வெளிக்காற்று கம்பியின் இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய வழியாகவே கிண்ணத்துக்குச் செல்கிறது. ஈயப்பற்றோ கிரீசோ அவ்வழியை அடைத்துவிடும்.

எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருந்தால் மரை இறுகி நிற்கும். கொதிக்கும் நிலையில் கை வெந்துவிடும். சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்து, கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு வந்தபின் தொடங்குவதே அனுபவசாலிகளின் வழக்கம். எஞ்சினைச் சுவர் சூழ்ந்த தாழ்வாரத்தில் ஓடவிடலாகாது. முற்றத்தின் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. வண்டியின் அடியில் புகவேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கிகளை நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு அடைகல் இடவேண்டும். ஆனால் பல சிறு கார்களில் முன் சென்சாரைப் பானட்டைத் திறந்ததும் மேலிருந்தே எட்டிவிடலாம்.

பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, இணைப்பைப் பிரித்து, மரையில் துரு இளக்கும் எண்ணெய் சிறிது விட்டுக் கால்மணி நேரம் பொறுக்க வேண்டும். மழைக்காலம் பல கண்ட வண்டியில் இந்தப் பொறுமை மிகவும் பயன்தரும். பெரும்பாலான சென்சார்களுக்கு 22 மில்லிமீட்டர் ஸ்பானர் பொருந்தும். கம்பி வெளிவருவதற்குப் பக்கவாட்டில் பிளவுள்ள சாக்கெட் இருந்தால் முனை மழுங்காது. இறுகியிருப்பின் ஒரே மூச்சில் இழுக்காமல், சிறிது தளர்த்திச் சிறிது முறுக்கி மீண்டும் தளர்த்த வேண்டும். மரை அறுந்தால் குழாயையே பட்டறைக்குத் தூக்கவேண்டி வரும். அந்த அறிகுறி தோன்றிய உடனே நிறுத்திவிட்டு வண்டியை மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதில் இழிவொன்றுமில்லை.

கழற்றிய சென்சாரின் முனையை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். கரிபோல் கறுத்திருந்தால் நெடுங்காலம் பெட்ரோல் மிகுந்து எரிந்திருக்கிறது. சுண்ணாம்புபோல் வெண்மை படிந்திருந்தால் சிலிக்கோன் பசையோ, குளிர்விக்கும் நீர்மமோ உள்ளே புகுந்திருக்கலாம். பழுப்புச் சாம்பல் எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். பின்னிரண்டு குறிகளும் தென்பட்டால் மூலக்காரணத்தைத் தீர்க்காமல் புதியதைப் பூட்டுவது அதையும் விரைவில் இழப்பதற்கே வழி.

புதியதன் முனையைக் கையால் தொடாமல், கீழே விழாமல் காக்கவேண்டும், உள்ளிருப்பது பீங்கான். மரையில் ஒட்டுத்தடுப்புப் பசை பெரும்பாலும் ஆலையிலேயே பூசப்பட்டிருக்கும். இல்லையெனில் மரையில் மட்டும் சிறிது தடவலாம். முதலில் கைவிரலாலேயே திருகி மரை நேராகப் பிடிப்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே ஸ்பானரை எடுக்கவேண்டும். இறுக்கம் பொதுவாக 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை. கால் மீட்டர் நீளமுள்ள பிடியின் முனையில் சுமார் 18 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும். கம்பி சூடான குழாயைத் தொடாதவாறு பழைய கொக்கிகளிலேயே மாட்டிவிட வேண்டும்.

மாற்றியபின்

பாட்டரியை இணைத்து, குறியீட்டைக் கருவியால் அழித்து, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் சிறிது நேரத்துக்குள் ஊசலாட்டம் தொடங்குவதைக் காணலாம். பெட்டி தன் பழைய திருத்தங்களை மறந்து புதியவற்றைக் கற்றுக்கொள்ளச் சில நாட்களின் ஓட்டம் வேண்டும். அதுவரை எஞ்சின் சிறிது ஏறுமாறாக ஓடினாலும் அஞ்சவேண்டுவதில்லை. விளக்கு மீண்டும் எரிந்தால், அதே குறியீடா வேறொன்றா என்று பார்த்த பின்னரே அடுத்த பொருளுக்குப் பணம் செலவிடலாம்.

புகைச் சோதனை நிலையம் தரும் சான்றிதழ் கட்டணம் குறைந்த இரண்டாவது சாட்சியாகும். பாரத் ஸ்டேஜ் நான்கு வகைப் பெட்ரோல் கார் வெறுமனே ஓடும்போது கார்பன் மோனாக்சைடு நூற்றுக்கு 0.3 பங்கைத் தாண்டலாகாது. நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்று வேகத்தில் 0.2 பங்கைத் தாண்டலாகாது. அவ்வேகத்தில் லாம்டா எனப்படும் கலவை எண் 0.97க்கும் 1.03க்கும் இடையே நிற்கவேண்டும். மாற்றுவதற்கு முன்பெடுத்த சான்றிதழையும் பின்பெடுத்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேலை பலித்ததா என்பது எண்களிலேயே தெரியும்.

சூடேற்றி மட்டும் அறுந்த பழைய சென்சாரை எறிந்துவிடாமல் பள்ளி ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கலாம். அதன் பீங்கான் கலம் இன்னும் உயிரோடிருக்கிறது. உடலைத் தாங்கியில் கவ்வி, சமிக்ஞைக் கம்பியையும் அதன் இணைக் கம்பியையும் மல்ட்டிமீட்டரின் வோல்ட் அளவில் இணைத்து, முனையை மட்டும் வாயு அடுப்பின் சுடருக்குள் நிறுத்தவேண்டும். கண்ணாடியணிந்து ஆசிரியரே செய்யவேண்டிய சோதனை இது. இரண்டொரு நிமிடத்தில் முனை செந்நிறம் கொள்ள, மீட்டரின் எண் முக்கால் வோல்ட்டுக்கு அருகே ஏறுகிறது. சுடரை விலக்கியதும், முனை இன்னும் சிவந்திருக்கும்போதே, எண் சரிந்து விழுகிறது.